மஞ்சள்தானே என்றார் அத்தான்

அத்தான் மூக்கில் அழுத்திப் பிடித்திருந்த துண்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வட அந்தமானின் திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்துகொண்டிருந்தோம். காலையில் கப்பலில் ஒரு தும்மலோடு கசியத் தொடங்கிய ரத்தம் மதியமாகியும் நிற்கவில்லை. சுற்றிலும் கடல், இறங்கி ஓட வழியில்லை. அக்கா அவர் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் கேபினுக்கும் டெக்குக்குமாக அலைந்தேன்.

"நீ நடக்கிறதப் பாத்தாத்தான் மாப்ள எனக்குப் பயமா இருக்கு. உக்காரு" என்றார் அத்தான்.

திக்லிபூரில் பாக்குத் தோட்டம் வைத்திருந்த அவருக்குச் சில வருடங்களுக்கு முன் சென்னையில் இதய வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. அதன் அளவு சரிதானா என்று அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. அதிலெல்லாம் கவனமாகத்தான் இருந்தார். முட்டிவலிதான் படுத்தியது. மெயின்லேண்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மஞ்சள் கேப்ஸ்யூல் கொடுத்தார். மஞ்சளின் சத்தைச் செறிவாக்கி, உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்ள மிளகுச் சாரமும் சேர்த்தது. குறை சொல்லக் கூடாது, வலி குறையவே செய்தது. மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாக்குப் பொறுக்கினார். அதை ஃபோனில் சொன்னபோது அக்காவின் குரலில் அத்தனை சந்தோஷம். ஒன்று போதாதென்று அவர் இரண்டாக்கிக்கொண்டது அவளுக்குத் தெரியாது. அந்த முறை பரிசோதனைக்காகத்தான், விடுமுறை முடிந்து போர்ட் பிளேருக்குத் திரும்பிய என்னோடு இருவரும் கப்பலேறினார்கள்.

ஃபீனிக்ஸ் பே துறையில் இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். "ஔர் கோயி தவா?" வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார்.

"நஹி சாப்" என்றார் அத்தான்.

"ஹல்தி கா கேப்ஸ்யூல் காதே ஹைன், சாப்" என்றாள் அக்கா.

"அது மருந்தா? மஞ்சள்தானே!" என்று அவளை முறைத்தார்.

டாக்டரின் முகம் மாறியது. சமையலில் போடுவது வேறு, இது வேறு என்றார். ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மீறி இளகிவிடலாம். சிலருக்கு ஈரலையும் பாதிக்கும். பித்தப்பையில் கல் இருப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. "மூக்கு வழியாக வந்தது. இதுவே தலைக்குள் என்றால்..." என்றவர், அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முடிக்காத அந்த வாக்கியம் இன்றும் என்னை விடவில்லை.

ஊசி போட்டதும் ரத்தம் நின்றது. சில நாளில் வீடு திரும்பினார். கேப்ஸ்யூலை விட்டதும் வலி திரும்பிவிட்டது; இப்போது கம்பு ஊன்றித்தான் தோட்டத்துக்குப் போகிறார்.

அக்கா சமையலிலும் மஞ்சளை நிறுத்தியிருந்தாள். போன மாதம் போயிருந்தபோது வெளிறிப்போன சாம்பாரை அத்தான் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். "குழம்புக்குப் போடலாம்னு டாக்டரே சொன்னாருக்கா" என்றேன். மறுநாள் ஒரு சிட்டிகை போட்டாள். அத்தான் ரசித்துச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வரும்வரை, தன் தட்டில் கை வைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.