செருப்புக் கடை ஜன்னலில் ஒரு குடில்

என் சித்தி தூத்துக்குடி உப்பளத்தைக் கொண்டுபோய் நியூஜெர்சியில் பூட்டிக் கிடந்த ஒரு செருப்புக் கடையின் ஜன்னலுக்குள் வைத்தாள். ஊரே அதைப் பனி என்று நினைத்துக்கொண்டது. இந்தப் பாதியை விருந்துகளில் பலமுறை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். மறு பாதியைச் சொன்னதில்லை. அதில் நான் வருகிறேன்.

பிஸ்கட்டவேக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. தொண்ணூறுகளின் நடுவில், ஹைவே ஓரம் பெரிய மால் ஒன்று வந்ததும் மெயின் ஸ்ட்ரீட் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. நவம்பர் பிறந்துவிட்டால் நாலரை மணிக்கே இருட்டிவிடும். தெருவைப் பார்த்தால் இழவு வீடு மாதிரி இருக்கும். இதற்கு ஏதாவது செய்தே தீருவது என்று அந்த வருஷம் வியாபாரிகள் சங்கம் கிளம்பியது. விளக்குக் கம்பங்களில் பச்சை மாலை சுற்றினார்கள். ஹைஸ்கூல் பிள்ளைகள் தகரத்தில் வெட்டி வண்ணம் பூசிய மான்கள் வங்கி வாசலில் நின்றன. பூட்டிய கடைகளின் ஜன்னல்களை மட்டும் ஊர்க் குடும்பங்களுக்கு விட்டார்கள். யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கலாம், எப்படி வேண்டுமானாலும் அலங்கரிக்கலாம். அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இதற்கான நோட்டீஸைக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அதைச் சித்தியிடம் கொடுத்தாள்.

சித்தி என்றால் என் அப்பாவின் தம்பி மனைவி. ஜனவரியில் கல்யாணம் முடிந்து, பிப்ரவரியில் நேராகப் பனிக்குள் வந்து இறங்கியவள். எங்கள் அபார்ட்மென்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி அவர்கள் வீடு. சித்தப்பா விடியும் முன் கிளம்பினால் எட்டு மணிக்குத்தான் திரும்புவார். சித்தியின் விசாவில் வேலைக்குப் போக முடியாது. காரும் ஓட்டத் தெரியாது. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு மெயின் ஸ்ட்ரீட் வழியாகத் திரும்புவாள். ஒரு நாளில் அவள்மேல் வெளிக்காற்றுப் படுவது அந்த அரைமணி நேரம்தான். அவள் பேசுவது எல்லாம் எனக்குப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் சொல்வேன். அப்போது தமிழ் என் காதோடு நின்றிருந்தது, வாய்க்கு வரவில்லை.

ஒருநாள் சித்தப்பா எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அவளுக்கு இங்க மனசே ஒட்டலண்ணே. ராத்திரி எல்லாம் அழுகை. கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கேன். சரிப்படலன்னா ஊருக்கே அனுப்பி வச்சிருதேன்." எனக்குத் தெரியாதது எவ்வளவோ உண்டு. இது தெரியாது என்று மட்டும் நான் சொல்ல முடியாது.

நோட்டீஸ் கைக்கு வந்த மறுநாளிலிருந்து சித்தி வேறு ஆள். கிறிஸ்மஸ் குடில் கட்டப்போகிறேன் என்றாள். கடையில் வாங்கி வைக்கிற நாலு பொம்மைக் குடில் இல்லை. தூத்துக்குடியில் கட்டுவார்களே, மலை, குளம், தெரு, ரயில் என்று ஒரு ஊரையே நிறுத்தி, அதன் ஓரத்தில் மாட்டுக்கொட்டிலை வைக்கிற குடில். தெரிந்த தமிழ் வீடுகளில் எல்லாம் மளிகைச் சாமான் வந்த பேப்பர் பைகளைக் கேட்டு வாங்கினாள். அவற்றைக் கசக்கிச் சாயம் தெளித்தால் மலை. செருப்புக் கடையின் பின்னறையில் காலி அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. சித்தியின் கண்ணுக்கு அவை அத்தனையும் வீடுகளாகத் தெரிந்தன. ஜன்னல் வெட்டி, உள்ளே சீரியல் பல்பு விட்டு, ஒரு தெருவே எழும்பியது. புல்வெளிக்காக அலுமினியத் தட்டுகளில் கேழ்வரகு முளைக்கப்போட்டு, அவற்றைக் குளியல் தொட்டியில் பரப்பிவிட்டாள். சித்தப்பா ஒரு வாரம் டவலைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் குளிக்க வந்தார். முகத்தை உம்மென்று வைத்திருந்தாலும் மனுஷனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவள் அழுகை நின்றுவிட்டதே!

உப்பளம்தான் கடைசியில் வந்தது. நடைபாதைப் பனி உருகுவதற்குக் கொட்டுகிற கல்லுப்பு மூட்டை ஒன்றைச் சித்தப்பாவை வாங்கிவரச் சொன்னாள். கண்ணாடித் துண்டுகளைப் பாத்திகளாகப் பதித்து, ஓரங்களில் உப்பைக் கும்பல் கும்பலாகக் குவித்தாள். பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கம். ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்த இரண்டு பெண்கள், மாவில் பிசைந்து செய்த பொம்மைகள். எனக்கு மூக்கு வரையும் வேலை. நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தேன். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

முன்னணையை மட்டும் சித்தி காலியாக விட்டாள். மாட்டுக்குத் தீவனம் வைக்கும் அந்தத் தொட்டியில்தான் பாலன் இயேசுவைக் கிடத்துவது. ஆனால் பாலன் பிறப்பது இருபத்திநாலாம் தேதி இரவில். அதுவரை எங்கள் குடும்ப வழக்கப்படி அதில் வைக்கோல் மட்டும்தான் இருக்கும். பிறக்காத பிள்ளையை யாராவது படுக்க வைப்பார்களா? பாலன் சிலையை, எங்கள் வழக்கில் சுரூபத்தை, வைக்கிற உரிமை, அந்த வருஷம் குடும்பத்துக்குப் புதிதாக வந்தவருக்கு. ஊரில் இருந்திருந்தால் மாமியாரும் கொழுந்தன்மாரும் மெழுகுவர்த்தியோடு சுற்றி நிற்க, புது மருமகள் வைத்திருப்பாள். அவளோ ஏழு கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் கொடுத்துவிட்ட உள்ளங்கை அளவு மண் சுரூபம் ஒரு பருத்தித் துணியில் சுற்றி அவள் பெட்டியில் இருந்தது. "அத என் கையால அங்க வச்சிட்டேன்னு வையி, இது என் ஊருதான்" என்று பசை ஒட்டிய விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். நான் "ஓகே" என்றேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெருவின் அலங்கார விளக்குகளை ஏற்றினார்கள். ஊரே திரண்டு வந்திருந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். கையில் சூடான சாக்லேட்டுடன் ஆட்கள் ஜன்னல் ஜன்னலாக நின்று பார்த்து வந்தார்கள். செருப்புக் கடை முன்னால்தான் பெருங்கூட்டம். "அந்தப் பனி எவ்வளவு அழகு!" என்று ஒரு கிழவர் இங்கிலீஷில் சித்தியின் கையைக் குலுக்கினார். அவர் காட்டியது உப்பளத்தை. சித்தி "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினாள். பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்போது என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருத்திக்கு அடுத்த வாரம் பிறந்தநாள். இரவு அவள் வீட்டிலேயே தங்குகிற பார்ட்டி. வகுப்பில் பாதிப் பேருக்கு அழைப்பு போய்விட்டது, எனக்கு வரவில்லை. அதை நினைத்து நான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்த்தாள். "பேபி எங்கே? இவங்க ஜீசஸையே மறந்துட்டாங்க!" என்று அவள் கத்த, சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

சங்கத்தின் பொறுப்பாளரான பூக்கடைக்கார அம்மாள் வந்தார். நல்ல மனுஷி. சித்தியிடம் குனிந்து, குழந்தையை எங்கே என்று மெதுவாகக் கேட்டார். சித்தி என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, சொல்லு. பாலன் இருபத்திநாலாந்தேதிதான் பிறப்பாரு, அன்னைக்குத்தான் வைப்போம். வைக்கிற முறை இந்த வருஷம் எனக்குன்னு சொல்லு. அன்னைக்குச் சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் கடைச் சாவி தரச் சொல்லிக் கேளு."

இதைச் சொல்ல வேண்டிய இங்கிலீஷ் முழுவதும் என்னிடம் இருந்தது. நாலு வாக்கியம். அந்த அம்மாள் கேட்டிருந்தால் கையைத் தட்டி, ஊரையே இருபத்திநாலாம் தேதி கூட்டியிருப்பார். ஆனால் அந்தப் பிறந்தநாள் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாலு வாக்கியத்தைச் சொன்னால் நானும் சித்தி பக்கத்து ஆள் ஆகிவிடுவேன், அந்தப் பச்சைக் கோட்டுக்கும் உப்புக்கும் சொந்தக்காரி ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

"ஷி ஃபர்காட்" என்றேன். மறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அதோடு விட்டேனா? இவர்கள் எப்போதும் இப்படித்தான் என்பதுபோலக் கண்ணை ஒரு உருட்டு உருட்டினேன். பெண்கள் மறுபடி சிரித்தார்கள். இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன். சித்தி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளிடம், "யெஸ், யெஸ். ஃபர்காட்" என்று தலையாட்டினாள். எதற்கெடுத்தாலும் யெஸ் சொல்கிறவள்தானே, பனி என்றதற்கும் சொன்னாளே என்று நினைத்துக்கொண்டேன். கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மாள் சித்தியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். திங்கட்கிழமை பள்ளி விட்டு வரும்போது முன்னணையில் ஒரு ரப்பர் பொம்மை கிடந்தது. நீலக் கண், ரோஸ் கன்னம், படுக்கவைத்தால் இமை மூடுகிற ரகம். மாதாவைவிட இரண்டு மடங்கு பெரியது. தொட்டிக்குள் அடங்காமல் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டு, மாதாவின் கணவர் சூசையப்பரைச் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தது. சித்தி கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

"பெரிய பிள்ளையாத்தான் பிறந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அப்பாடா, சிரித்துவிட்டாள் என்று எனக்கு நிம்மதி. சாவியைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. பொம்மையை எடுக்கச் சொல்லு என்று அம்மா சொன்னதற்கு, "பாவம், ஆசையா வச்சிருக்காவ, கெடக்கட்டும்க்கா" என்றாள். இருபத்திநாலாம் தேதி தலைவலி என்று கிறிஸ்மஸ் பூசைக்கு வரவில்லை. மண் சுரூபம் துணிக்குள்ளேயே இருந்தது. விளக்கேற்றிய மறுவாரமே எனக்கு அந்தப் பிறந்தநாள் அழைப்பு கிடைத்திருந்தது. போனேன். பீட்சா சாப்பிட்டேன். மறைப்பானேன், சந்தோஷமாகவே இருந்தேன்.

ஜனவரியில் சித்தி ஊருக்குப் போனாள். மூன்று மாதம் என்று போனவள் ஒன்றரை வருஷம் திரும்பவில்லை. சித்தப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். பிறகு டெக்சஸில் வேலை கிடைத்து சுகர் லேண்டுக்குப் போனார். அங்கேதான் சித்தி மறுபடி வந்து சேர்ந்தாள். சித்தி ஊருக்குப் போன அந்த வருஷ டிசம்பரில் பூக்கடைக்கார அம்மாள் எங்களுக்குப் போன் பண்ணி, அந்தப் பனி ஊரைச் செய்த பெண் எங்கே என்று கேட்டார். அவள் இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்று அம்மா சொன்னாள். செருப்புக் கடை ஜன்னலில் அந்த வருஷம் யாரோ பஞ்சில் பனிமனிதன் செய்து வைத்தார்கள்.

எனக்கு முப்பது தாண்டிய பிறகு ஒரு டிசம்பரில் சுகர் லேண்டுக்குப் போனேன். சித்தி ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போனாள். ஃப்ரீவேயில் ஒரு கையால் கார் ஓட்டுகிறாள். அதற்குள் நான் தமிழ் பேசக் கற்று, எழுதவும் கற்றிருந்தேன். வீட்டில் குடில் கட்டுவீர்களா என்று கேட்டேன். "பிள்ளைகளுக்கு ஒரு சின்ன செட்டு வச்சிருக்கேன். கடையில வாங்குனது. பாலன் முன்னணையிலயே ஒட்டித்தான் வருது" என்றாள். அதைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை சித்தி, மறந்துவிட்டதாகச் சொன்னேன் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"தெரியுமே" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் நாக்கு எழும்பாது. கேட்டா வெளங்காமயாட்டி போவும்?"

"அப்புறம் ஏன் நீங்களும் யெஸ்னு சொன்னீங்க?"

"நீ அந்தப் பிள்ளைக முன்னாடி நின்னுகிட்டு இருந்தியே" என்றாள். பிறகு இண்டிகேட்டர் போட்டு எக்சிட்டில் இறங்கினாள்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த விளக்கேற்றிய சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்து வந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். மெயின் ஸ்ட்ரீட் முழுவதும் பளபளவென்று இருந்தது. வழக்கமாக என் புத்தகப் பையைப் பிடித்து நடக்கிறவள், அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும் வரை விடவில்லை. பாவம், சித்திக்கு ரொம்பக் குளிருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் கையைக் கொடுத்திருந்தேன்.