வடக்கு மடைக்குக் கிடைத்த தீர்ப்பு

காய்ந்து வெடித்த வாய்க்காலில் முதல் தண்ணீர் இறங்கும்போது எழும் சேற்று வாசனை, எனக்கு இன்றும் ஒரு கோர்ட் காகிதத்தைத்தான் ஞாபகப்படுத்துகிறது. சீவலப்பேரிப் பக்கம் எங்களுக்கு இருந்த ஒரே வயலுக்கு, பக்கத்து வயல்காரரான பெருமாள் மாமாவின் வயல் வழியாகத்தான் காலங்காலமாகத் தண்ணீர் பாய்ந்தது. நான் ஒன்பதாம் வகுப்புப் போன வருஷம், ஒரு வரப்புச் சண்டையில் முறுக்கிக்கொண்ட அப்பா, "அந்த ஆளு வயத் தண்ணி எனக்கு வேண்டாம்" என்று பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்கு அலைந்து, வடக்கு மடையிலிருந்து தனி வழிக்குத் தீர்ப்பு வாங்கிவிட்டார். பழைய வழியில் இனி யாரும் தண்ணீர் விடக் கூடாது என்றும் அதில் இருந்தது.

தீர்ப்புக்கு முன் இடம் பார்க்கக் கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர் வந்தது கோடையில். செருப்பு நனையாமல் வாய்க்காலுக்குள்ளேயே நடந்து, டேப் பிடித்து அளந்து படம் போட்டார். திசையெல்லாம் சரி, மேடு பள்ளம் மட்டும் அதில் இல்லை. விவசாயிகளான எங்களுக்கும் அது உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம். ஆனியில் தண்ணீர் வந்தது, வடக்கு மடைக்கு ஒரு சாண் கீழே நின்றுகொண்டது.

அப்பா சட்டைப் பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து, மடையருகே நின்று திரும்பத் திரும்பப் படித்தார். குடத்தில் மோந்து ஊற்றி வளர்த்த நாற்று, நடத் தண்ணீரில்லாமல் முற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வருஷச் சோறு அதில்தான் இருந்தது. அந்த வாரம் பள்ளியில், தண்ணீர் தன் மட்டத்துக்கு மேல் தானாக ஏறாது, இந்த விதியை யாராலும் மீற முடியாது என்று நடத்தினார்கள். "கோர்ட் சொன்னாலும் ஏறாதா டீச்சர்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. எனக்கோ தலை சுற்றியது. கோர்ட்டின் சட்டத்தை மீறினால் தண்டனை, ஆனாலும் ஊரெல்லாம் மீறுகிறார்கள். யாராலும் மீற முடியாத ஒன்றை விதி என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆறாம் நாள் காலை பெருமாள் மாமா மண்வெட்டியோடு வந்தார். "தீர்ப்பு ஒம்ம பக்கந்தான் வே. தண்ணி எம்பக்கம்லா நிக்கி. பழைய வழிய வெட்டட்டுமா?"

அப்பா திரும்பி, வடக்கு மடையைப் பார்த்தபடி நின்றுகொண்டார். பின்னால் வரப்பு வெட்டுப்படும் சத்தம் கேட்டது. "செயிச்சது நாம, தோத்த மனுசன் தண்ணி விடுதாரு" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்று பிழைத்தது. சட்டத்தை மீறியது மாமாவா, அப்பாவா, இல்லை வயலுக்குள் வந்த தண்ணீரா என்று எனக்கு விளங்கவேயில்லை.

அப்பாவும் மாமாவும் இப்போது இல்லை. வயல்கள் பிளாட்டாகிவிட்டன, வடக்கு மடை இருந்த இடத்தை என்னால் காட்ட முடியாது. நான் இயற்பியல் நடத்துகிறேன். "விதியை மீறுனா என்ன ஆகும் டீச்சர்?" என்று வருஷம் தவறாமல் ஒரு பிள்ளை கேட்டுவிடும். "மீற முடியாது" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அப்பாவும் அன்று அப்படித்தான் நின்றார்.