அம்மா வைத்த சாம்பல்

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் அண்டை அயலாருக்கும் வணக்கம். இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே நல்லதை மட்டும் எழுதச் சொன்னார். அம்மாவிடம் நல்லதுக்குக் குறைவில்லை. ஆனால் அதை மட்டும் எழுதினால் அது யாரோ ஒருவருடைய அம்மாவைப் பற்றிய கட்டுரையாகிவிடும், நான் நம் அம்மாவைப் பற்றித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

அம்மா பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்தார். எங்கள் குலத்தில் ஆண்களுக்குக் கத்தி, பெண்களுக்குப் பிரசவம். அப்பா சவரக் கடை வைத்திருந்தார். கட்டியைக் கீறி மருந்து வைத்துக் கட்டுவதும் அவர்தான். அம்மா வீடு வீடாகப் பிள்ளை எடுக்கப் போவார். அன்றைக்கு ஊரில் பாதி வைத்தியம் இப்படித் தொழிலாளிகள் கையில்தான் இருந்தது. எலும்பு பிசகினால் ஒருவர், காமாலைக்குச் சூடு போட ஒருவர், சொறி சிரங்குக்கு பழுக்கக் காய்ச்சிய இரும்பை முக்கிய தண்ணீர் தர லாடம் கட்டும் பாய். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்று பேச்சு. எல்லாரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் போனால் எப்படித் திரும்புவார்கள்?

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா காலமானார். அண்ணன் கத்தியை எடுத்துக்கொண்டு கடையில் நின்றார். அம்மா ஓய்வில்லாமல் ஓடினார். நெசவுக்காரர் வீடு, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர் வீடு, பள்ளிவாசல் தெரு, மாதா கோயில் தெரு என்று எந்த வீட்டிலிருந்து ஆள் வந்தாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார். பெற்றவள் ஒரு வாய் குடிக்கும்வரை தாமும் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். கைராசிக்காரி என்று ஊரே சொன்னது.

தொப்புள்கொடியை அறுத்த இடத்தில் அம்மா பழைய வேட்டியைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து வைப்பார். மாமியார் வழியில் வந்த பழக்கம். அதை மாற்றியது அவருடைய புத்திசாலித்தனம்தான். ஸ்டேஷன் பக்கம் குதிரைவண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டிப் பாயின் லாடப் பட்டறை இருந்தது. குதிரையின் குளம்பில் புண் இருந்தால் பாய் உலையடியில் கிடக்கும் சாம்பலை அள்ளி அப்புவார், நாலு நாளில் புண் காய்ந்துவிடும். அம்மா இதைப் பல தடவை நின்று பார்த்திருக்கிறார். குதிரைப் புண்ணையே ஆற்றுகிறது, நெருப்பிலும் இரும்பிலும் கிடந்த சாம்பல், இதைவிடச் சுத்தம் எது என்று கணக்குப் போட்டார். பாயிடம் ஒரு டப்பா நிறையக் கேட்டு வாங்கி வந்தார். வைத்த பிள்ளைகளுக்குத் தொப்புள் சீக்கிரம் காய்ந்து விழுந்தது. மற்ற மருத்துவச்சிகளும் அம்மாவைப் பார்த்துப் பட்டறைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

சாம்பலுக்கு மாறிய அந்த வருடம் மழைக்காலத்தில் அம்மா எடுத்த பிள்ளைகளில் இரண்டு ஏழெட்டு நாளில் இறந்தன. ஒன்று சின்னாளபட்டி நெசவுக்காரர் வீட்டில், மற்றொன்று தோல் ஷாப்காரர் வீட்டில். இரண்டும் பால் குடிப்பதை நிறுத்தி, வாய் இறுகி, உடம்பு வில்லாக வளைந்து போய்ச் சேர்ந்தன. பறவை நிழல் பட்டுவிட்டது, பட்சி தோஷம் என்றார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

மூன்றாவது என் பிள்ளை.

தலைப்பிரசவத்துக்குக் கீரனூரிலிருந்து தாய்வீடு வந்திருந்தேன். ஆண் பிள்ளை. அம்மா தம் கையாலேயே எடுத்தார், தம் கையாலேயே சாம்பல் வைத்தார். ஆறாம் நாள் காலையில் பிள்ளை பால் குடிக்கவில்லை. அம்மா அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. உடனே பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு குதிரைவண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் பிரசவ வயிற்றைத் துணியால் கட்டிக்கொண்டு கூடவே போனேன்.

அங்கிருந்த நர்சம்மா பிள்ளையின் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, தொப்புளுக்கு என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். அம்மா சொன்னார். எந்தச் சாம்பல் என்று மறுபடி கேட்டார். அதையும் சொன்னார். நர்சம்மா திட்டவில்லை. குதிரைச் சாணம் கிடக்கிற மண்ணில் வாயை இறுக்குகிற ஜன்னிக் கிருமி இருக்கும், உலையடியில் அள்ளிய சாம்பலோடு அந்த மண்ணும் வந்திருக்கும், அறுத்த தொப்புள் வழியாக அது உள்ளே போய்விட்டது என்று மெதுவாக விளக்கினார். எட்டாம் நாள் பிள்ளை போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. பால் வற்றுவதற்காக அம்மா மல்லிகைப்பூவை என் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். அப்போதாவது ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்திருந்தேன். முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் நாள் அந்த இரண்டு வீடுகளுக்கும் போகப்போவதாக அம்மா சொன்னார். பெரியப்பா வந்து தடுத்தார்.

"எவனாச்சும் வந்து கேட்டானா? பட்சி தோஷம்னு அவுகளே மனசத் தேத்திக்கிட்டாக. நீயா போயி எதுக்கு வாயக் குடுக்குற?"

"என்னயப் பாத்துத்தான மத்தவளுகளும் அந்தச் சாம்பல வாங்கிட்டுப் போறாளுக," என்றார் அம்மா. "பட்சி மேல பழியப் போட்டுட்டு நான் சும்மா இருந்தா, நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கும் வைப்பாக."

போனார். தோல் ஷாப்காரர் கேட்டு முடிக்குமுன் அம்மாவைக் கன்னத்தில் அறைந்தார். அம்மா நின்று வாங்கிக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்த நெசவுக்காரர் வீட்டுப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு அம்மா பட்டறைக்குப் போனார். பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். மற்ற மருத்துவச்சிகள் வீட்டுக்கும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப்பின் பிள்ளை எடுக்க அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டார். தெரிந்த பெண்களுக்கு வலி கண்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார். என் அடுத்த இரண்டு பிரசவங்களுக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பிள்ளையைக் கையில் கொடுத்தால் வாங்கமாட்டார், தள்ளி நின்று பார்ப்பார்.

எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொன்னவர் என்னிடம் மட்டும் தம் வாயால் எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் நான் அதை நெஞ்சில் வைத்துப் புழுங்கினேன். நல்ல நாள் பெரிய நாளில் வருவேன், சாப்பிடுவேன், போய்விடுவேன். அம்மாவோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதில்லை. என் பிடிவாதம் உறவினர்கள் அறிந்ததே. எதற்கு என்றுதான் பலருக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு வயிற்றில் கட்டி வந்து அம்மா படுத்துவிட்டார். நான் கீரனூரிலிருந்து வந்து மூன்று மாதம் உடனிருந்தேன். வலியில் அவர் பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு நாள் கஞ்சி கொடுக்கும்போது என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"ஊரெல்லாம் போயிச் சொன்னியேம்மா. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் விலக்கினார்.

"அவுககிட்டச் சொன்னா அடிப்பாக, வாங்கிக்கிடலாம்," என்றார். "நீ அடிக்க மாட்டியே ஆத்தா."

எனக்கு வாய் வரவில்லை. மிச்சக் கஞ்சியை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டேன். அதற்குப்பின் அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் உயிர் பிரிந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் உண்டு. அம்மாவை ஒரு குற்றவாளியைப்போல் நடத்தாத அந்த நர்சம்மாவுக்கு நன்றி. அன்றே உலையடிச் சாம்பல் முழுவதையும் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டு, கேட்டு வந்தவர்களையெல்லாம் காரணம் சொல்லித் திருப்பியனுப்பிய லாடம் கட்டும் பாய்க்கு நன்றி. அம்மாவின் கடைசி நாள்களில் ஒருநாள்கூடக் கடை திறக்காமல் உடனிருந்த அண்ணனுக்கு நன்றி. அன்று கதவைச் சாத்திய நெசவுக்காரர் வீட்டு அம்மையார், அம்மா இறந்த செய்தி கேட்டுச் சின்னாளபட்டியிலிருந்து யாரும் அழைக்காமல் வந்தார். பெண்களோடு நின்று அம்மாவைக் குளிப்பாட்டினார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். படையல் போட்டுச் சூடம் காட்டும்போது, உங்களில் யாராவது ஒருவர் இதன் கடைசி வரியை மட்டும் படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுப் படியுங்கள். நானே சொல்லலாம், ஆனால் அன்றைக்குப்போல் இன்றைக்கும் எனக்கு வாய் வராது.

அம்மா, உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை.