ஒரே கடாவில் இரண்டு காதுகுத்து

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்றார்கள் உறவினர்கள். அக்காவைப் பற்றி எழுத நல்லதுக்குக் குறைவில்லை. என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருப்பதுதான் சங்கடம்.

திருவாதவூரில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அப்பா போனபின் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். பின்னர் மதுரை கே.கே. நகரில் வாழ்க்கைப்பட்டார். அத்தானுக்கு அலுவலக வேலை. தெருவுக்கு ஒரு கிளினிக் இருக்கும் இடம், இனி அக்காவுக்கு என்ன குறை என்று நம்பினோம்.

மகள் பிறந்தபோது பிரசவம் பார்த்த டாக்டரம்மா தெளிவாகவே சொன்னார். "ஒனக்கு ரத்தம் ரொம்பக் கம்மிம்மா. ஒடம்பு தேறணும். அடுத்ததுக்கு ரெண்டு வருசமாச்சும் போகட்டும். இல்லேன்னா வயித்துல வர்ற பிள்ளைதான் வாடும்." கருத்தடைக்குக் காப்பர்டி வைத்துக்கொள்ள அக்காவுக்குச் சம்மதம்தான். புகுந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றிருந்தார்.

மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அங்கே கொண்டுபோய் விட்டோம். பந்தியில் காதுகுத்துப் பேச்சு வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். சீரும் கடாவும் என் பொறுப்பு. அக்காவின் மாமியாரிடம் கிண்டலாகச் சொன்னேன்: "என்ன அவசரம் அத்தே? அடுத்ததையும் சட்டுன்னு பெத்துரட்டும். ரெண்டுக்கும் ஒரே கடாவுல காது குத்திரலாம்."

பந்தியே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "டாக்டரம்மா சொன்னது ஒனக்குத் தெரியும்லடா?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் அவர் காப்பர்டி என்று வாயெடுத்தபோதெல்லாம் மாமியாரிடம் பதில் தயாராக இருந்தது: "ஒந்தம்பியே சொல்லிட்டானே!"

மகளுக்கு ஐந்து மாதம் முடியும்போதே அக்கா மறுபடி உண்டானார். வயிற்றில் பிள்ளையோடு கொடுக்கும் பால் ஆகாது என்று சொல்லி மகளுக்குப் பாலை நிறுத்தினார்கள். புட்டிப்பாலும் பேதியுமாக அவள் துரும்பாய் இளைத்தாள். அவளுக்கு ஒரு வயது நிறைந்த வாரத்தில், ஏழாம் மாதத்திலேயே தம்பி பிறந்துவிட்டான். ஒன்றேகால் கிலோ இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது நாள் மூச்சுக்குப் போராடிவிட்டுப் போய்விட்டான்.

"இதுனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது தம்பி. ஆனா அந்த ஒடம்புக்கு நீங்க ஓய்வே குடுக்கலையே" என்றார் டாக்டரம்மா. நீங்க என்று அவர் சொன்னதில் நான் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும்.

மறுவருடம் குலதெய்வக் கோயிலில் மகளுக்குக் காது குத்தினோம். என் மடியில் அலறிக்கொண்டிருந்தவளைத் தூக்கக் குனிந்த அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நீ சொன்ன மாதிரியே ஒரே கடாவுல முடிஞ்சிருச்சுடா தம்பி."

அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. கடிந்திருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். நான்கு வருடம் கழித்து, யார் பேச்சுக்கும் காது கொடுக்காமல், தான் குறித்த காலத்தில் இளைய மகனைப் பெற்றார். அவன் மூன்று கிலோ. சொந்தத்தில் எந்தப் பெண் பிள்ளை பெற்றாலும் முதல் ஆளாகப் போய், "அடுத்ததுக்குப் பொறு தாயி, எவன் சிரிச்சாலும் பொறு" என்பார். கடைசியில் இருதய நோயோடு படுக்கையில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார்.

மருத்துவமனைக்கு மாறி மாறிச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டுப் பெண்களுக்கு நன்றி. மறைக்காமல் சொன்ன டாக்டரம்மாவுக்கு நன்றி. அன்று பந்தியில் சிரித்த உங்களில் பலர் ஈமக்காரியத்திலும் முன்னின்று உதவினீர்கள். அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

குடும்ப விவரத்தில் மக்கள் இருவர் என்று போடச் சொன்னார்கள். மூவர் என்று போட்டிருக்கிறேன். பெயர் வைக்குமுன் போனவன் என்பதால் நடுவில் வெறும் கோடு இருக்கும். யார் இது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: என் மடியில் உட்கார வேண்டியவன்.

— தம்பி