கீழ்வீட்டுக்காரரின் சிறந்த மிருகம்

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒன்பது வருடங்கள் வாடகைக்கு இருந்தவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், ஒரு நோர்வேஜியர். நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவன். ரொம்சோஸ் மேட்டுக்குக் கீழே, வங்கியும் நானும் கூட்டாக வாங்கிய வீடு அது. அவர் வாடகைக்காரர், நான் வீட்டுச் சொந்தக்காரன் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். மட்டக்களப்பில் என் அப்பா ஆயுள் முழுக்க இன்னொருவருடைய வயலில் வேலை செய்தவர். அவருடைய மகனிடம், வாசலில் விழுந்த பனியைத் தான் தள்ளிவிடலாமா என்று ஒரு பெரிய படிப்பாளி அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பார். நானும் கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன்.

வாடகை ஒப்பந்தத்தில் என் மனைவி சேர்க்கச் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் மிருகம் வளர்க்கக் கூடாது. அவள் யாழ்ப்பாணத்துக்காரி, சுத்தம் விஷயத்தில் யாருக்கும் இரங்கமாட்டாள். பூனை மயிர் சாமியறை வரைக்கும் பறந்து வரும் என்பது அவளுடைய வாதம். வாத்தியாரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒருநாள், கையில் அந்த ஒப்பந்தமும் கக்கத்தில் தடித்த ஒரு புத்தகமுமாக மேலே வந்தார். அவருடைய பழைய நண்பர் ஒருவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம், அவருடைய பூனைக்கு இடமில்லையாம். நான் வாயைத் திறப்பதற்குள் புத்தகத்தை மேசையில் விரித்துவிட்டார்.

முற்காலத்தில் ஐரோப்பாவில், முக்கியமாக இங்கிலாந்தில், ஒரு பிரபுவின் நிலத்தை உழுது வாழ்ந்த குடியானவன் இறந்துபோனால், பிரபுவுக்கு ஒரு வரி சேர வேண்டுமாம். இறந்தவனுடைய மிருகங்களில் ஆகச் சிறந்ததைப் பிரபுவின் ஆள் வந்து அவிழ்த்துக்கொண்டு போவான். நல்ல மாடு, இல்லாவிட்டால் நல்ல குதிரை. மிருகமே இல்லையென்றால் வீட்டிலுள்ள சிறந்த பொருள், அது சமையல் பாத்திரமாக இருந்தாலும் சரி.

எனக்குக் கோபம் வந்தது. செத்தவீட்டில் வந்து மாடு அவிழ்க்கிறவன் மனிதனா என்று கேட்டேன்.

"அது வேறு விஷயம்" என்றார் வாத்தியார். "இப்போது நீங்கள் பிரபு, நான் குடியானவன். நாளைக்கு நான் செத்தால் நீங்கள் எதை எடுப்பீர்கள்? என்னிடம் மிருகம் இல்லை. வைத்திருக்கக் கூடாது என்று நீங்களே எழுதி, உங்கள் வரியை நீங்களே இல்லாமல் செய்துவிட்டீர்கள். உங்கள் நன்மைக்காகத்தான் கேட்கிறேன், எனக்கு ஒரு மிருகம் இருக்க வேண்டும்."

நோர்வேஜிய மொழியில் மரியாதைப் பன்மையை இப்போது யாரும் பாவிப்பதில்லை. அவர் சொல்வதை நான்தான் மனதுக்குள் 'நீங்கள்' போட்டுக் கேட்டுக்கொள்வேன். அன்றைக்கு அந்த 'நீங்கள்' எனக்கே கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. மிருகம் கூடாது என்ற வரியை வெட்டிவிட்டு, அதற்குக் கீழே அவர் அழகான கையெழுத்தில் எழுதினார்: வாடகைக்காரர் இறந்தால், அவரிடமுள்ள மிருகங்களில் மிகச் சிறந்ததை வீட்டுச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

மனைவிக்கு விஷயம் தெரிந்தபோது கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"உங்களுக்கு மூளை கீளை இருக்கோ? உயிரோடை இருக்கிற மனிசன்ர சாவை எழுதி அதுக்குக் கீழை கையெழுத்து வைச்சிட்டு வந்து நிக்கிறியள்!"

"பகிடிக்குத்தானப்பா."

"பகிடியோ? பூனை பகிடிக்கோ வரப்போகுது?"

பூனை உண்மையாகவே வந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது, எங்கள் நிறைகுடத்தளவு பருமன். முதல் நாளே சாமியறை வாசலில் வந்து குந்திக்கொண்டு என் மனைவியை மேலும் கீழும் பார்த்தது. அவள் அதற்குப் பெயர் வைக்கவும் இல்லை, வாத்தியார் வைத்த பெயரைச் சொல்லவும் இல்லை. பூனை என்றுதான் சொல்வாள், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு.

வாத்தியார் அதைத் தன் பூனை என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்காகப் பராமரிப்பதாகத்தான் அவருடைய பேச்சு. வேலைக்குப் போக நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து குரல் வரும்: "உங்கள் மிருகம் நேற்று ஒரு எலி பிடித்தது. எலியில் பிரபுவுக்கு என்ன பங்கு என்று சட்டத்தில் இல்லை. பார்த்துச் சொல்கிறேன்." மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் வந்தால், பல் இத்தனை, எடை இவ்வளவு என்று எனக்கு ஒப்புவித்துவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுவார்.

உங்கள் ஊரில் பிரபுவை எப்படிச் சொல்வார்கள் என்று ஒருமுறை கேட்டார். மட்டக்களப்பில் பெரிய வயற்சொந்தக்காரரைப் போடியார் என்போம் என்று சொல்லிக்கொடுத்தேன். அங்கேதான் என் வாயால் நான் கெட்டேன். அடுத்த பொங்கலுக்கு என் மனைவியின் தமையன் குடும்பத்தோடு லில்லெஸ்ட்ரோமிலிருந்து வந்திருந்தார். வாத்தியாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அவர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேலே வந்து, எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் வாயில் 'போ' குறுகி, கடைசி 'ர்' எங்கேயோ விழுந்துவிட்டது.

"வணக்கம், பொடியா!"

ஐம்பத்தாறு வயதில், வேட்டி சால்வையோடு நின்ற என்னைத்தான். மச்சானுக்கு வாயிலிருந்த பொங்கல் புக்கை புரைக்கேறி, முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. "ஓமோம், நல்ல பொடியன்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அன்று தொடக்கம் அந்தக் குடும்பத்தில் எனக்குப் பெயர் பொடியன். வாத்தியார் எவ்வளவு மரியாதையோடு அதைச் சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

போன இலையுதிர்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்க்கப் போனபோது, "உங்கள் மிருகம் சாப்பிடுகிறதா?" என்றுதான் முதலில் கேட்டார். சாப்பிடுகிறது என்றேன். மறுநாள் விடிய முன்னமே போய்விட்டார்.

அடக்கம் முடிந்த பிறகும் பூனை எங்களோடு மேலேதான் இருந்தது. அதற்கென்று மீனை உப்பு, தூள் போடாமல் தனியாக அவித்து வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அவிக்கவில்லை.

வாத்தியாருக்கு ஒரே மகள். ஸ்தவாங்கரில் இருக்கிறாள், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் பொறியியலாளர். அடக்கம் முடிந்து இரண்டு நாளில் சாமான்களை எடுத்துக் கீழ்வீட்டை ஒழிக்க வந்தாள். பூனைக்கு ஒரு கூடும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பூனை எனக்கு வேண்டும் என்பது அந்தக் கூட்டைக் கண்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

மாலையில் ஒப்பந்தத்தோடு மேலே வந்தாள். சிரித்த முகம், அழுத கண்.

"இது என்ன? அப்பாவின் கையெழுத்துத்தான்."

நான் கதையைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு மெதுவாக, "அப்படியானால் பூனை..." என்று இழுத்தாள்.

"அது பகிடி" என்றேன் அவசரமாக. "பூனை உன்னுடையது. கொண்டுபோ."

செத்தவீட்டில் கேட்டு வாங்குகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அப்பா இல்லாத பிள்ளையிடம் இருக்கிற ஒரு உயிரையும் பறிப்பதா? அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "சரி, நன்றி" என்று சொல்லிவிட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன். நித்திரை வரவில்லை.

காலையில் அவள் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். என் மனைவி தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, அரை மணித்தியாலம் நின்று கதைத்துவிட்டு, விறுவிறென்று படியேறி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளை ரெண்டு ரெண்டு கிழமையா, பதினாலு நாள் ஒரேயடியாக் கடலுக்குப் போறவள். தனி ஆள். பூனையை ஆர் பாக்கிறது? ஒவ்வொருக்காலும் ஒவ்வொரு வீடாக் குடுத்து வாங்கப் போறாளாம்."

"அப்ப ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"என்னெண்டு சொல்லுவாள்? அவள் கேக்க வந்தவள். நீங்கள் வாய் திறக்க விடாமல் கொண்டுபோ எண்டிட்டியள். உங்களுக்குப் பூனை வேண்டாமாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்குது அந்தப் பிள்ளை."

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கீழே ஓடினேன். பூனை கூட்டுக்குள், கூடு காரின் பின் ஆசனத்தில். அவள் கதவைச் சாத்தப் போனாள்.

"நில்!" என்றேன். பஸ்ஸில் பிரயாணிகளை அதட்டக்கூட நான் அந்தக் குரலைப் பாவித்ததில்லை. "அந்த மிருகம் என்னுடையது."

அவள் கார்க் கதவை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஒப்பந்தத்தில் இருக்கிறது. எடுக்கலாம் என்று இல்லை, எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. உன் அப்பா..." என்று தொடங்கினேன். மிச்சம் வரவில்லை. அந்த வரி 'வாடகைக்காரர் இறந்தால்' என்றல்லவா தொடங்குகிறது. நேற்று மாலை நான் அவ்வளவு அவசரப்பட்டது பெருந்தன்மையால் இல்லை என்பது அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. இதைக் கேட்டு வாங்கினால் அவர் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, அவரை அடக்கம் செய்த சேமக்காலையிலும் சொல்லவில்லை, வீட்டிலும் நான் அதை ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை.

"உன் அப்பா இறந்துவிட்டார்" என்றேன். "வரியைத் தா."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. பிறகு குனிந்து கூட்டைத் தூக்கி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். நல்ல பாரம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். பூனை உள்ளேயிருந்து முழு வீதிக்கும் கேட்கக் கத்தியது.

மேலே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மனைவி நின்றாள். நான் உள்ளே போய்க் கூட்டைக் கீழே வைத்ததும் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தித் திறப்பால் பூட்டினாள்.

"அங்கை நிண்டு அழாமல் திறந்து விடுங்கோ அதை" என்றாள். "ராவு முழுக்க ஒண்டும் தின்னேல்லை என்ர பிள்ளை."