தகப்பன் தொழில்

கோலாலம்பூர் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் சனிக்கிழமை மத்தியானம் ஒரு வேடிக்கை நடக்கும். கடைசி மூட்டையும் வண்டியேறிய பிறகு, சரக்கு நிறுக்கும் பெரிய தராசின் மேல் குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக ஏறி நிற்பார்கள். ஊரில் கோயிலில் துலாபாரம் கொடுப்பவர்களைத் தவிர வேறு யாரும் தராசில் ஏறி நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே அது பொழுதுபோக்கு. குலசிங்கம் ஏறினால் முள் நூற்று நாற்பத்தைந்து ராத்தலைத் தாண்டி நிற்கும். நான் ஏறினால் நூறைத் தொடாது. எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஒரே மேசை. மத்தியானத்தில் ஒரே கடையில்தான் சோறு சாப்பிடுகிறோம். அவன் மேம்பாலத்துப் படிகளைப் பேசிக்கொண்டே இரண்டிரண்டாக ஏறுவான். நான் பாதியில் நின்று, கீழே போகும் வண்டியை வேடிக்கை பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவேன். குலசிங்கம் என்பது நான் இங்கே அவனுக்கு வைத்திருக்கும் பெயர். உண்மைப் பெயரை எழுதினால் அவனுடைய உத்தியோகத்துக்கு ஆபத்து வரலாம். ஏன் என்று பின்னால் தெரியும்.

எனக்கு நாலு வயதில் அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து கப்பலேறி, கிள்ளானுக்கு அப்பால் மலையோரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். இருவரும் பால்மரம் வெட்டினார்கள். லயம் என்னும் கூலி வரிசை வீடுகளில் எங்களுக்கு ஓர் அறை. பின்பக்கம் ஓடை, ஓடையில் கொசு. விடியுமுன் ஒரு குவளைக் கடுங்காப்பியைக் குடித்துவிட்டு அவர்கள் காட்டுக்குப் போவார்கள். பிள்ளைகள் எங்களுக்கும் அதே கடுங்காப்பிதான். மழைக்காலம் முடிந்ததும் காய்ச்சல் வரும். வரிசையாக எல்லா அறைகளிலும் ஆட்கள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடப்பார்கள். ஒரு வருஷம் என் தங்கை போனாள். அடுத்த வருஷம் தம்பி. நான் பிழைத்தேன், ஆனால் வயிறு இடப்பக்கம் கல் வைத்ததுபோல் வீங்கியது. லயத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்தது, அதனால் அது நோய் என்றே யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அப்பாவுக்குக் கிள்ளானில் ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. அதனால் நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனேன். ஏழாவது தேறினேன். நாற்பத்திரண்டு வயதில் அப்பா இருமி இருமி இறந்தபோது, பார்க்கிறவர்கள் அறுபது என்று சொல்லியிருப்பார்கள்.

குலசிங்கத்தின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் சர்க்கார் குவார்ட்டர்ஸில்; ஜன்னலுக்குக் கம்பி வலை, கட்டிலுக்குக் கொசுவலை, கொல்லையில் பசு. இதையெல்லாம் அவன் பெருமையாகச் சொன்னதில்லை. கஷ்டமாகச் சொல்வான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னான்:

"சின்னனில எங்கட அப்பர் சரியான கொடுமைக்காரர் காணும். பின்னேரத்தில எல்லாரையும் வரிசையா நிப்பாட்டிக் காய்ச்சலுக்கெண்டு கொயினா மருந்து குடிக்க வைப்பார். கைப்பெண்டால் கைப்பு! பிறகு ஒரு பெரிய கிளாஸ் பால். நான் அவர் பாராத நேரம் அதை ஜன்னலுக்கு வெளியால ஊத்திப்போடுவன். செவ்வரத்தை மரம்தான் குடிச்சு வளந்தது."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவனுடைய பல்வரிசையையும், சட்டைக்குள் நிரம்பியிருந்த தோளையும் பார்த்தேன். அந்தத் தோளை அவன் சம்பாதிக்கவில்லை. அவனுக்காக வேறொருவர் இருபது வருஷத்துக்கு முன்பே சேர்த்து வைத்திருக்கிறார். கீழே ஊற்றியது போக மிஞ்சியதிலேயே இப்படி வளர்ந்தவன் அவன். அவனுடைய சம்பளத்தையோ படிப்பையோ நான் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. அவை எனக்கும் வரலாம். அவன் நுரையீரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இராத்திரி படுத்தால் அந்தச் செவ்வரத்தை மரம்தான், நாங்கள் செம்பருத்தி என்போம், கண்ணுக்குள் நிற்கும். அது பட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற வருஷம் பார்சல் ஆபீசில் பென்ஷனுள்ள நிரந்தர உத்தியோகம் ஒன்று காலியானது. வேலையில் நான் குலசிங்கத்துக்கு இரண்டு வருஷம் மூத்தவன், எனக்குத்தான் என்று பெரிய குமாஸ்தாவே சொன்னார். டாக்டர் பார்த்துத் தேற்றினால் போதும்; நான் தேறாவிட்டால் அவனுக்கு என்று இருவரையும் அனுப்பினார்கள். டாக்டர் ஒரு வயதான வெள்ளைக்காரர். பாரத்தில் பெயருக்குக் கீழே தகப்பன் பெயர், தகப்பன் தொழில் என்று இரண்டு இடம் இருந்தன. அவர் கேட்டபோது, யோசிக்காமல் "எஸ்டேட் கிராணி" என்றேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன் என்றால் கொஞ்சம் மதிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலியில் தன் முறைக்காகக் காத்திருந்த குலசிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் என்னைப் படுக்க வைத்து இடது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தினார். "சிறு வயதில் நீ எங்கே படுத்துத் தூங்கினாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேனா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, "ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை ஐயா" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற உதவியாள் டிரஸ்ஸரிடம், "மண்ணீரல் வீக்கம், நான்கு விரல் அளவு. கிராணிகளின் பிள்ளைகளுக்கு இப்படி இருப்பதில்லை. எழுதிக்கொள்" என்றார். நான் மறைத்த தொழிலை என் வயிறு சொல்லிவிட்டது.

குலசிங்கம் தேறினான். அந்த உத்தியோகம் அவனுக்குப் போயிற்று.

கோலாலம்பூரிலேயே பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நானும் அம்மாவும் குடியிருக்கும் பின்னறைக்குத் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். அவன் அப்பா வலை கட்டினார், மருந்து கொடுத்தார், பால் கொடுத்தார். நீங்கள் எனக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"மூணு புள்ளைங்கள்ல நீ ஒருத்தன் மிஞ்சினே," என்றாள். "அதையே நான் பெருசுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்ப்பா."

பிறகு புடைக்கத் தொடங்கினாள். அதற்குமேல் எங்களுக்குள் அந்தப் பேச்சே இல்லை.

ஆறு மாதத்தில் இன்னொரு இடம் காலியானது. பழைய டாக்டர் மாறிப்போய்ப் புதியவர் வந்திருந்தார். ஒரு மாலை குலசிங்கம் என்னை ரயில் பாதை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், சாதாரணமாக ஒரு விஷயம் சொன்னான். "உம்மட பேரில நான் போய் நெஞ்சைக் காட்டிப்போட்டு வாறன். புது டொக்டர்தானே, எங்க ரெண்டு பேரையும் ஆருக்குத் தெரியும்? அந்த வேலை உமக்கு வர வேண்டியது காணும். எனக்கும் மனசு கேக்குதில்லை."

பிடிபட்டால் அவன் வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம். அதைச் சொன்னேன். "அதில என்ன கிடக்கு?" என்றான். இதுவரை ஒரு கதவும் மூடப்படாதவன் பேசுகிற பேச்சு அது. நல்ல மனசுதான், எனக்குத் தெரியும். அந்த நல்ல மனசின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்படி அள்ளிக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? ஆனாலும் சரி என்றேன். அவனுடைய உடம்பை ஒரு மணி நேரத்துக்கு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லும் பலம் எனக்கு இல்லை.

குறித்த நாளில் ஆஸ்பத்திரி வாசலில் மழைமரத்தடியில் நின்றோம். என் பெயர் எழுதிய பாரத்தை அவன் கையில் கொடுத்தேன். அவன் பரீட்சைக்குப் போகிற மாணவனைப்போல் அதை மனப்பாடம் செய்தான்.

"உம்மட அப்பர் பேர்?"

"மாரிமுத்து."

"தொழில்? போன முறை சொன்ன மாதிரி கிராணி எண்டு சொல்லவோ?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு, "என்ர தகப்பன் பேர் மாரிமுத்து. என்ர தகப்பன் மாரிமுத்து, எஸ்டேட் கிராணி" என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தான். அந்தக் கனத்த, மூச்சு நிறைந்த குரலில் அப்பாவின் பெயரைக் கேட்டதும் எனக்குள் என்னவோ எரிந்தது. பசு, வலை, கொயினா, பால், செவ்வரத்தை மரம், எழுபது வயதிலும் விறைப்பாக நடக்கும் ஸ்டேஷன் மாஸ்டர், எல்லாம் இவனுக்குத்தான். இப்போது என் அப்பாவையும் எடுத்துக்கொள்ளப் போகிறான். அதுவும் அவர் கையிலிருந்த பால்கத்தியைப் பிடுங்கிவிட்டு, பேனாவைக் கொடுத்து. காய்ச்சலோடு என்னை முதுகில் தூக்கிக்கொண்டு, தானும் காய்ச்சலில் தள்ளாடி, மூன்று மைல் நடந்து தோட்டத்து மருந்துக்காரரிடம் போன மனிதர் அவர். அவர் ஒருவர்தான் இவனுக்கு இல்லாமல் எனக்கு இருந்தார்.

"குடு சிங்கம்," என்று பாரத்தைப் பிடுங்கினேன். "நானே போறேன்."

"என்ன காணும், விசரே உமக்கு?"

"அவரு என் அப்பா. நீ அவரைச் சொல்ல வேணாம்."

என் முகத்தில் என்ன கண்டானோ, அவன் ஒரு அடி பின்வாங்கினான். நான் இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வழக்கமான பொறாமைதான், அன்றைக்கு அது வேறு பக்கம் திரும்பியது, அவ்வளவுதான்.

உள்ளே புதிய டாக்டர் கேட்டபோது, "ரப்பர் மரம் வெட்டினார், ஐயா. அம்மாவும்தான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், நிரந்தர உத்தியோகத்துக்குத் தகுதியில்லை என்று எழுதினார். தற்காலிக வேலையில் நீடிக்கலாம் என்றார். பிறகு இரக்கமாக, "சில மாதம் வீட்டுக்குப் போய் இரு. அங்கே காற்று உனக்கு நல்லது. வீடு எங்கே?" என்று கேட்டார்.

"பிரிக்பீல்ட்ஸ்," என்றேன்.

"அதைக் கேட்கவில்லை. உன் வீடு, வீடு," என்று ஜன்னலுக்கு வெளியே, கடல் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

அப்படித்தான் சம்பளமில்லாத விடுமுறையில், இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, தஞ்சாவூர்ச் சீமையில் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "மலாயாச் சோறு, பாரு, என்னமா இருக்கான்!" என்றார்கள். வேடிக்கையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. அண்ணன் என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். ஆனால் கன்னம் ஒட்டி, கண் குழிந்து, என்னைவிட மெலிந்திருந்தார். கூலியில்லாத மாதங்களில் ஒருவேளைக் கஞ்சியில் அவர் வளர்ந்திருக்கிறார். சாப்பிடும்போது அவர் என் மணிக்கட்டையும் தோளையும் ஓரக்கண்ணால் அளந்ததைப் பார்த்தேன். "சித்தப்பா உன்னைய கூட்டிக்கிட்டுப் போனாரு. எங்கப்பாவுக்குத் துணிச்சல் வரல" என்றார். அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்படுகிறார் என்று தெரிந்ததும், எனக்கு மனம் கனக்கவில்லை, இனித்தது. அன்று சோறு ஒரு கவளம் அதிகமாக இறங்கியது. ஊரிலிருந்து இதைப் படிக்கும் அண்ணன் என்னை மன்னிக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் காய்ச்சல் இரண்டு முறைதான் வந்தது. வயிற்றுக் கல் கரையவில்லை. கிளம்பும்போது வாசலில் ஒரு கிழவர், "திரும்பிப் போறியாப்பா?" என்றார். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கியபோது மலாய்க்காரப் போலீஸ்காரர் என் காகிதத்தைப் பார்த்து, "பாலிக்?" என்று கேட்டுச் சிரித்தார். திரும்பி வந்துவிட்டாயா என்று அதற்கு அர்த்தம். நான் இருவருக்கும் ஆமாம் என்றேன்.

தொற்று நோய்க்காகத் தடுத்துவைக்கும் முகாமிலிருந்து அன்று காலையில்தான் புதுக்கூலிகளை விட்டிருந்தார்கள். கங்காணி அவர்களைத் தோட்டத்து லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெண் தலையில் மூட்டையும் இடுப்பில் நாலு வயது மகளுமாகத் தடுமாறினாள். குழந்தையை வாங்கி லோரிக்குள் தூக்கிவிட்டேன். "எந்தத் தோட்டம்க்கா?" என்று கேட்டேன். சொன்னாள். நாங்கள் இருந்த அதே மலையோரத் தோட்டம்தான்.

"புள்ளைக்குக் கொசுவலை கட்டுங்க. மருந்துக்காரர்கிட்டக் கொயினா கேட்டு வாங்குங்க, கசந்தாலும் விடாதீங்க."

அவள் என் சப்பாத்தையும் காலரையும் பார்த்தாள். "நீங்க கிராணிங்களா சாமி? எம் மவளும் உங்களாட்டம் வரணும்," என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான் என்று சொன்னால் அவளுக்கு அது ஆசீர்வாதமாகக் கேட்டிருக்கும். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்ல முடியுமா?

அவர்களுடைய லோரியும் நான் ஏறிய ரயிலும் ஒன்றாகக் கிளம்பின. ரயில் பாதையை ஒட்டியே சாலை ஓடுகிறது. கொஞ்ச தூரம் அந்த லோரியும் என் ஜன்னலுக்குச் சமமாக வந்தது. பெண்கள் நின்றுகொண்டே காற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். சிறுமி ரயிலைக் கண்ட சந்தோஷத்தில் இரண்டு கைகளையும் ஆட்டினாள். நான் தலையை வெளியே நீட்டிக் கையை ஆட்டினேன். ரப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில் சாலை வளைந்தது. லோரி உள்ளே திரும்பியது. நான் கையை இறக்காமலே இருந்தேன், எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டு ஆட்களா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம்," என்றேன். "நான் மட்டும் வேறு வண்டி."