ஆர்டர் என்று வந்த வைரஸ்

டயல்-அப் இணைப்பு இருந்த காலம். பனியன் கம்பெனியில் மெயில் பார்க்கிற வேலை எனக்கு. முன்பின் தெரியாத எவனோ ‘ஆர்டர்’ என்று ஒரு ஃபைலை இணைத்து அனுப்பியிருந்தான். வைரஸாக இருக்கும், திறக்க வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். முதலாளி கேட்டால்தானே.

“சரக்கு வாங்குற பையர் அனுப்புனதைத் தொறக்காம உட்டா, ஆர்டர் பக்கத்து கம்பெனிக்குப் போயிரும் தம்பி. தொற.”

ஆன்டிவைரஸ் தடுத்தது. அதையும் நிறுத்தச் சொன்னார். திறந்தேன். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. படுக்கும் முன், அதிலிருந்த எல்லா முகவரிகளுக்கும் எங்கள் பெயரிலேயே அந்த ஃபைலை அனுப்பித் தொலைத்தது. பக்கத்து கம்பெனிக்கும்தான்.

மதியம் பக்கத்து முதலாளி நேரில் வந்தார். “ஏனுங்க, உங்க ஆர்டர் ஒண்ணு தப்பா எனக்கு வந்துருச்சுங்க. நான் தொறந்தே பாக்கலீங்க.”

மகா யோக்கியர். எங்கள் கம்ப்யூட்டரை ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனால், அவர் கம்பெனி லேபிள் ஒட்டிய கம்ப்யூட்டர் எனக்கு முன்பே அங்கே கிடக்கிறது. “இதுலயும் அதே ஃபைல்தானுங்க” என்றார் கடைக்காரர்.

எரிச்சலோடு திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். காலையிலிருந்து இருண்டு கிடந்த முகம் மலர்ந்தது.

“அப்ப ஆர்டர் அவுங்களுக்கும் போகலைன்னு சொல்லு.”